அப்பத்தாவுக்கு மோட்சம் உண்டா?

எங்கள் வீடு யாங்கூனில் (பழைய ரங்கூன்), நாலாவது மாடி. இங்கே பழைய கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. அதனால் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரைக்கும் தொங்கும். கயிற்று நுனியில் ஒரு கிளிப், மேல் பக்கம் ஒரு சின்ன மணி. பேப்பர்காரர் பேப்பரைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை ஓர் இழுப்பு இழுத்துவிட்டுப் போய்விடுவார். வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் கயிற்றில் ஏறி வருவது மல்லிகைச் சரம். அப்பத்தா காசைக் கிளிப்பில் மாட்டி இறக்குவாள், பூக்காரப் பெண் காசை எடுத்துக்கொண்டு பூவை மாட்டுவாள். அந்தப் பூ காளியம்மனுக்கு.

அப்பத்தா போய் ஆறு வருடம் ஆகப்போகிறது. அவள் போனதிலிருந்து என் மண்டையில் கிடக்கும் ஒரு கேள்வியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நான் சாமியார் இல்லை. தையல் மெஷின் பழுது பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பேன், பன்சோடான் தெரு நடைபாதையில் பழைய புத்தகம் பொறுக்குவேன். அவ்வளவுதான் என் தகுதி.

எங்கள் குடும்பத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா பிறந்தது சைவக் குடும்பத்தில். அம்மா ஆர்.சி. அம்மாவைக் கட்டுவதற்காக அப்பா ஞானஸ்நானம் வாங்கினார். அதனால் நானும் தம்பியும் பிறந்த எட்டாம் நாளே கிறிஸ்தவர்கள். தம்பி இருபத்து நாலு வயதில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போய், முழுகி மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டான். குழந்தையில் தனக்குச் செய்தது செல்லாது என்று அவன் சொல்ல, அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. அது தனிக் கதை. இத்தனைக்கும் நடுவில் அப்பத்தா காலையில் திருநீறு பூசிக்கொண்டு, வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய்க்கொண்டு, அவள்பாட்டுக்கு இருந்தாள்.

1964இல் இங்கே கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. தாத்தாவின் கடையும் போயிற்று. சொந்தக்காரர்கள் எல்லாரும் மெட்ராஸ் கப்பலுக்குப் பெயர் கொடுத்தார்கள். அப்பத்தா கொடுக்கவில்லை. காளியை விட்டுவிட்டு எப்படிப் போவது என்பதுதான் அவள் சொன்ன ஒரே காரணம். அனோயட்டா சாலைக் காளி கோவிலைச் சொல்கிறேன், 1871இல் நம்மவர்கள் கட்டியது. அப்பத்தா அந்தச் சாலையைக் கடைசிவரை பிரேசர் தெரு என்றுதான் சொன்னாள்.

அதே 1964 நவம்பரில்தான் ரோமில் கத்தோலிக்க ஆயர்களின் பெருங்கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபையைப் பற்றிய தன் பெரிய ஏட்டை வெளியிட்டது. அதில் 16ஆம் பத்தி எனக்கு முக்கியமானது. தன் குற்றமில்லாமல் கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாதவர், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சி காட்டும் வழியில் நடக்க முயன்றால், அவருக்கும் மீட்பு கிடைக்கலாம் என்கிறது அந்தப் பத்தி. சும்மா வந்த வாக்கியம் இல்லை இது. 1442இல் புளோரன்ஸ் சங்கம், புறமதத்தாரும் யூதரும் பிரிவினைக்காரரும் சாவதற்கு முன் திருச்சபையில் சேராவிட்டால் நித்திய நெருப்புக்குத்தான் போவார்கள் என்று எழுதி வைத்திருந்தது. அங்கிருந்து இங்கே வந்து சேர ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

நடுவில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லாமல் போக மனசில்லை. அமெரிக்காவில், பாஸ்டன் பக்கம், லியோனார்ட் ஃபீனி என்று ஒரு கத்தோலிக்கச் சாமியார். 'திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை' என்ற பழைய வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே பிடித்துக்கொண்டு பிரசங்கம் செய்தார். இப்படி முரட்டுத்தனமாகப் பொருள் சொல்லாதே என்று ரோம் 1949இல் எழுதிற்று. அவர் கேட்கவில்லை, கூப்பிட்டதற்குப் போகவும் இல்லை. 1953இல் அவரைச் சபைவிலக்கம் செய்தார்கள். வெளியே மீட்பு இல்லை என்று சொன்னவரை வெளியே அனுப்பிவிட்டார்கள்! 1972இல் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள் என்பது ஆறுதல்.

சரி, அப்பத்தாவுக்கு வருவோம். 16ஆம் பத்தியை முதலில் படித்தபோது அப்பத்தாவுக்குச் சீட்டு வாங்கிவிட்ட மாதிரி சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அதில் 'அறியாதவர்' என்று இருக்கிறது. அப்பத்தா அறியாதவளா? ஐம்பது வருடம் மருமகள் ஜெபமாலை சொல்லும் சத்தத்தில் தூங்கியவள். பேரன் தினம் ராத்திரி பைபிள் வாசித்துக் காட்டினான். சத்தியவேதத்தில் பாதி அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் வேண்டாம் என்றாள்.

ஒருநாள் தம்பி அழாக்குறையாகக் கேட்டபோது அவள் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "உங்க சாமி நல்ல சாமிதான் ராசா. ஆனா சின்னப்பிள்ளையிலருந்து என்னையப் பாத்துக்கிட்டது இவதானே. வயசான காலத்துல விட்டுட்டு வந்தா நல்லாவா இருக்கும்?"

இதற்கு என்ன பதில் சொல்ல? 1938 டிசம்பரில் தாம்பரத்தில், கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், உலகம் முழுவதிலுமிருந்து புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் கூடியபோது நடந்த சண்டை ஏறக்குறைய இதைப் பற்றியதுதான். ஹாலந்துக்காரர் ஹென்ட்ரிக் கிரேமர், மற்ற மதங்களுக்கும் கிறிஸ்துவில் கடவுள் வெளிப்பட்டதற்கும் நடுவில் தொடர்ச்சியே இல்லை என்று வாதாடினார். மனிதன் தேடுவது வேறு, கடவுள் தேடி வருவது வேறு என்பது அவர் கட்சி. அந்தக் கல்லூரியிலேயே முதல்வராக இருந்த ஏ. ஜி. ஹாக் ஒத்துக்கொள்ளவில்லை. பல வருடம் இந்து மாணவர்களோடு பழகியவர் அவர். ஒருவர் எதை நம்புகிறார் என்பது வேறு, எவ்வளவு பற்றோடு தன்னை ஒப்புக்கொடுக்கிறார் என்பது வேறு. பின்னது இந்துக்களிடமும் உண்மையாகவே இருக்கிறது, கடவுள் அதற்குப் பதில் சொல்லாமல் இருப்பாரா என்றார். மெட்ராஸ் கிறிஸ்தவச் சிந்தனையாளர்களான சக்கரையும் செஞ்சையாவும் இன்னும் ஒருபடி மேலே போய், ஐரோப்பாவில் தைத்த சட்டையை எங்களுக்கு மாட்டாதே என்ற கட்சியில் நின்றார்கள். அப்பத்தா அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தால் ஹாக் எழுந்து கைகொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

தம்பி கிரேமர் பக்கம். கிரேமர் யாரென்று அவனுக்குத் தெரியாது, அது வேறு விஷயம். அவனிடம் இருப்பது வசனங்கள். "என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்" என்பான். நான், பேதுரு வேற்றினத்தாரான கொர்நேலியுவின் வீட்டில் சொன்ன "தேவன் பட்சபாதமுள்ளவரல்ல" என்பதை எடுத்துப் போடுவேன். கொர்நேலியுவுக்கே கடைசியில் பேதுரு ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னாரே என்று மடக்குவான். வசனச் சண்டையில் நான் அவனை ஜெயித்ததே இல்லை.

ஆனால் வசனத்தைவிட அவன் கேட்ட இன்னொரு கேள்விதான் என்னை அசைத்தது. "அண்ணே, எல்லாரும் எப்படியும் கரையேறிடுவாங்கன்னா ஜட்சன் எதுக்கு இங்க வந்தாரு?"

பர்மாவில் கிறிஸ்தவனாகப் பிறந்தவன் ஜட்சனைச் சும்மா தாண்டிப் போக முடியாது. அமெரிக்க மிஷனரி அடோனிராம் ஜட்சன் 1813இல் ரங்கூனில் இறங்கினார். முதல் பர்மியர் ஞானஸ்நானம் எடுத்தது 1819இல். ஆறு வருடத்துக்கு ஒரே ஆள்! என் கடையில் இப்படி வியாபாரம் ஆனால் ஏழாம் மாதமே பூட்டிவிடுவேன். ஆங்கிலேயரோடு போர் வந்தபோது அவரை அப்போதைய தலைநகர் ஆவா பக்கம் ஏறக்குறைய ஒன்றரை வருடம் விலங்கு போட்டு அடைத்து வைத்தார்கள். எழுதி முடித்த புதிய ஏற்பாட்டை அவர் மனைவி ஆன் தலையணைக்குள் வைத்துத் தைத்து அவரிடம் சேர்த்தாள். 1826இல் ஆன் இறந்தாள். பிள்ளைகளையும் இந்த மண்ணில் புதைத்தார். 1834இல் பர்மிய பைபிள் மொழிபெயர்ப்பை முடித்தார். இந்த ஜனங்கள் கிறிஸ்துவைக் கேள்விப்படாமல் செத்தால் அழிந்துபோவார்கள் என்று மனசார நம்பிய ஒரு மனிதன்தான் இதையெல்லாம் செய்ய முடியும். 16ஆம் பத்தியைப் படித்துவிட்டு யாரும் ஆவா ஜெயிலுக்குப் போயிருப்பார்களா? எனக்குத் தெரிந்து நான் போயிருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை கோவிலுக்கு அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போனது யார் என்று இன்னும் சொல்லவில்லை. தம்பிதான். காளி மெய்யான தெய்வமே இல்லை என்று நம்புகிற அவன்தான், எண்பது வயதைத் தாண்டிய கிழவியை நாலு மாடி கைத்தாங்கலாக இறக்கி, சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து, கோவில் வாசலில் விடுவான். உள்ளே போக மாட்டான். எதிர்ப்பக்கம் வெற்றிலைக் கடையோரம், அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். ரப்பர் செருப்பு, வலது வாரில் ஊக்கு குத்தியிருக்கும். கீழே வைத்தால் யாராவது மாற்றி மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அரைமணி நேரமும் கையிலேயே வைத்திருப்பான். திரும்பும்போது பொங்கல் தூக்குச் சட்டி அவன் மடியில். விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொட்டுத் தின்ன மாட்டான், ஆனால் சைக்கா குலுங்குகிற குலுக்கலில் மூடி திறந்துவிடாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு வருவான்.

எல்லாருக்கும் வழி உண்டு என்று நம்புகிற நான் அவளை எத்தனை தடவை கூட்டிப் போனேன்? ஒரு வருடத்தில் இரண்டு தடவை என்று சொன்னால் அதுவே ஜாஸ்தி. வெள்ளிக்கிழமை கடையில் கூட்டம். அப்பத்தா எப்படியும் கரையேறிவிடுவாள் என்ற நிம்மதியில் நான் பாபின் மாட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசி நாட்களில் அவளுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. அப்போது எங்கள் வீட்டுக்குள்ளேயே மூன்று இறையியல் நடந்தது.

அம்மா, மேசைமேல் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருந்த தீர்த்த பாட்டிலை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், நான்தானே பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பவன். "தலையில மூணு தரம் ஊத்துடா, வசனத்தைச் சொல்லு. யாருக்கும் தெரிய வேண்டாம்." பாட்டிலின் மூடியைத் திறந்துவிட்டேன். ஊற்ற முடியவில்லை. விவரம் தெரிந்த ஆளுக்கு அவர் விருப்பம் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் அந்த நேரத்தில் சட்டமா ஞாபகம் வந்தது? 'விட்டுட்டு வந்தா நல்லாவா இருக்கும்' என்று அவள் சொன்னதுதான் காதில் கேட்டது. மூடியைத் திருகி அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். அம்மா என்னோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை.

தம்பி ராத்திரி முழுக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காதில் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். விடியற்காலை என்னை எழுப்பினான். "அண்ணே, இயேசுவை ஏத்துக்கிறியா அப்பத்தான்னு கேட்டேன். கையை அழுத்தினா. ரெண்டு தரம் அழுத்தினாண்ணே." அன்று பத்து மணிக்கு அவள் போய்விட்டாள்.

துக்க வீட்டுக்குத் தம்பியின் பாஸ்டர் வந்தார். நல்ல மனிதர், சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் ஏற்பாடு செய்தார். தம்பி அவரிடம் கை அழுத்தியதைச் சொன்னான். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வாயினாலே அறிக்கையிட வேண்டும் என்றுதான் ரோமர் பத்தாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறது தம்பி, போனவர்களை விட்டுவிட்டு இருப்பவர்களுக்காக ஜெபிப்போம் என்றார். வாய் திரும்பாத கிழவிக்கு வாயினாலே!

தம்பி எழுந்துபோய் மாடிப்படியில், மூன்றாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டான். நானும் போய் உட்கார்ந்தேன். எங்களிடம் ஆசை ஞானஸ்நானம் என்று ஒன்று உண்டு, தண்ணீர் தொடாவிட்டாலும் மனசு விரும்பினால் போதும் என்று சொன்னேன். "பைபிள்ல எங்க இருக்கு?" என்றான். அந்த நிலைமையிலும்! சிலுவையில் தொங்கிய கள்ளன் எந்தத் தொட்டியில் முழுகினான் என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. நான் அவனை வசனத்தில் மடக்கியது அந்த ஒரு தடவைதான், அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

உண்மையில் அவள் எதற்குக் கையை அழுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற கை அது. அதற்காகவும் இருக்கலாம்.

ஏழாம் நாள், எதிர் வீட்டுப் பர்மாக்கார அக்கா தன் வீட்டில் பிக்குகளுக்குச் சோறு போட்டார். அப்பத்தாவுக்காக. இருவரும் நாற்பது வருடம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியவர்கள். பாத்திரங்களை எடுத்த பிறகு அக்கா ஒரு சின்னக் கிண்ணத்தில், சின்னச் செம்பிலிருந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். பிக்கு ஓதி முடிக்கும்வரை தாரை அறக்கூடாது. செய்த புண்ணியத்தைப் பங்கு போடும் சடங்கு. 'அஹ்ம்யா' என்று மூன்று தரம் கூப்பிட்டார், எடுத்துக்கொள்ளுங்கள் என்று. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் 'தாது, தாது, தாது' என்றார்கள். நம் 'சாது'தான், பர்மிய வாயில் அப்படி வரும். நானும் சொன்னேன். தம்பி வாயைத் திறக்கவில்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை. நான் ஊற்றாத தண்ணீரை அக்கா ஊற்றிக்கொண்டிருந்தார் என்று அப்போது தோன்றியது.

அன்று அக்கா என்னிடம் சொன்ன ஒன்று இன்னும் நெருடுகிறது. "நீ நல்லவன். போன பிறவிப் புண்ணியம். அடுத்த பிறவியில் நீ பௌத்தனாகப் பிறந்துவிடுவாய்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு ஒரு நிமிடம் சுருக்கென்றது. கார்ல் ரானர் என்ற ஜெர்மன் இறையியலாளர், மற்ற மதத்து நல்லவர்களைப் 'பெயர் அறியாத கிறிஸ்தவர்கள்' என்று சொன்னார். படித்தபோது எவ்வளவு தாராளம் என்று மெச்சியிருந்தேன். அக்கா என்னைப் பெயர் அறியாத பௌத்தனாக்கிய பிறகுதான் அப்பத்தாவை அப்படிக் கூப்பிட்டால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று புரிந்தது. ரானரிடமே ஜப்பானியத் தத்துவ அறிஞர் நிஷிதானி இதைக் கேட்டிருக்கிறார்: உங்களைப் பெயர் அறியாத ஜென் பௌத்தர் என்று சொன்னால்? தாராளமாகச் சொல்லுங்கள், எனக்கு அது மரியாதை என்றாராம் ரானர். பெரிய மனசு. எனக்கு அவ்வளவு வரவில்லை.

எல்லா மதமும் ஒரே மலைக்கு ஏறும் பாதைகள் என்று ஜான் ஹிக் மாதிரி இறையியலாளர்கள் சொல்வதும் எனக்கு ஒட்டவில்லை. அக்காவுக்கு வேண்டியது நிப்பான், பௌத்தர் சொல்கிற நிர்வாண நிலை. அங்கே கடவுளும் இல்லை, கூடவே இருந்து பாட்டுப் பாடுகிற கூட்டமும் இல்லை. நம் மோட்சத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் வேண்டாம் என்பார். அதற்கு மார்க் ஹைம் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட், மதங்கள் போய்ச் சேரும் இடமே வேறு வேறாக இருக்கலாம் என்று எழுதினார். யோசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படியானால் அம்மாவும் அப்பத்தாவும் மறுபடி ஒரே வீட்டில் சேர முடியாது. மாமியாரும் மருமகளும் சேராமல் இருப்பதே மோட்சம் என்று சிலர் சொல்லலாம்.

ஒரு சின்ன விஷயம். 2017 நவம்பர் 27ஆம் தேதி போப் பிரான்சிஸ் யாங்கூனில் வந்து இறங்கினார். ரோமன் கத்தோலிக்கரின் பழைய வேதசாட்சிகள் பட்டியலில் அதே தேதியில் ஜோசபாத் என்ற புனிதர் பெயர் இருந்தது. அரண்மனையை விட்டுத் துறவு போன இந்திய இளவரசர். அந்தக் கதை புத்தர் கதைதான், போதிசத்துவர் என்ற சொல்தான் ஊர் ஊராகத் திரிந்து ஜோசபாத் ஆயிற்று. நூற்றுக்கணக்கான வருடம் நம் ஆட்கள் தெரியாமலே புத்தரைப் புனிதராக வைத்திருந்திருக்கிறார்கள். அதே பயணத்தில் போப் பிக்குகளைச் சந்தித்து, கோபத்தைக் கோபமின்மையால் வெல் என்ற தம்மபத வரியைப் படித்தார். தம்பிக்குப் பிடிக்கவில்லை. அக்காவுக்கு ரொம்பப் பிடித்தது, டீவியில் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டி எங்களுக்குச் சொன்னார்.

போன வருடம் கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் தம்பி கடைக்கு வந்தான். அவர்கள் சபையில் செத்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் கிடையாது, அது தப்பு என்று பிரசங்கமே செய்வார்கள். ஷட்டில் தேய்ந்த மெஷின் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையிலிருந்து ஐயாயிரம் கியாட் நோட்டு ஒன்றை எடுத்து மேசையில் எண்ணெய் படாத இடமாகப் பார்த்து வைத்தான். "உங்க கோவில்ல பேர் எழுதிக் குடுப்பீங்கல்ல. எதுக்குன்னு கேக்காதண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் கோவில் அலுவலகத்தில் இருந்த பெரியவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "ஞானஸ்நானப் பெயர்?" என்றார்.

"இல்லைங்க. வீட்டுப் பெயர்தான்."

சொன்னேன். அம்மன் பெயர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, அந்தோணிக்கும் ஆரோக்கியத்துக்கும் நடுவில் எழுதிக்கொண்டார்.

"காணிக்கை யார் பேர்ல போடட்டும்?"

தம்பி பேரைச் சொன்னேன்.